கோபால்ட் கலந்த ஜிங்க் ஆக்சைடு: நிறத்தையும் காந்தத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி

எம்எஸ்சி புராஜெக்ட் ஆனாலும் சரி, பிஎச்டி முதல் வருடம் ஆனாலும் சரி, குறைக்கடத்தியில் உலோக அயனியை டோப் செய்ய (கொஞ்சமாகக் கலக்க) வேண்டும் என்றால் பாதிப் பேர் கடைசியில் வந்து நிற்பது ஜிங்க் ஆக்சைடில்தான். விலை குறைவு, சாதாரண ஃபர்னஸ் போதும், எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு) கோடுகள் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் எந்த அயனியைப் போடலாம் என்று கேட்டால் முதல் தடவை செய்பவருக்கு நான் கோபால்ட்டைத்தான் சொல்வேன். படிகத்துக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அது நிறத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். காந்த அளவீடு அப்படி இல்லை, அது எளிதில் ஏமாற்றும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே நிலைப்பாட்டில்தான் போகும்: ஒளியை முதலில் படியுங்கள், அது சொன்னதை வைத்துக் காந்தத்தைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள்.

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் சாம்பல் சோதனை செய்திருப்பீர்கள். உப்பையும் அடர் நைட்ரிக் அமிலத்தையும் கொஞ்சம் கோபால்ட் நைட்ரேட் கரைசலையும் வடிதாளில் நனைத்து எரித்தால், சாம்பல் பச்சையாக வந்தால் துத்தநாகம், நீலமாக வந்தால் அலுமினியம். அந்தப் பச்சைச் சாம்பல்தான் கோபால்ட் கலந்த ஜிங்க் ஆக்சைடு. 1780 வாக்கில் ஸ்வீடனின் ஸ்வென் ரின்மன் கண்டுபிடித்ததால் ஓவியர்களின் வண்ணப் பெட்டியில் இதற்கு ரின்மன் பச்சை என்றே பெயர். ஆக, நாம் செய்யப் போவது புதிதாக ஒன்றும் இல்லை. அளந்து, சுத்தமாக, அழுக்கு சேராமல் செய்யப் போகிறோம், அவ்வளவுதான்.

செய்முறை

பெரும்பாலானவர்கள் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி வீழ்படிவாக்குவார்கள். அதில் இரண்டு தொல்லைகள் உண்டு. காரம் அதிகமானால் துத்தநாகம் ஜிங்கேட்டாகத் திரும்பக் கரைந்துவிடும். கோபால்ட் ஹைட்ராக்சைடோ காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றமாகிப் பழுப்பாகத் தொடங்கும், அந்தப் பழுப்பு பின்னால் கோபால்ட் ஆக்சைடு ஸ்பைனலாக (Co3O4 என்ற தனிப் படிகமாக) வந்து நிற்கும். அதனால் ஆக்சலேட் வழி எனக்குப் பிடிக்கும்.

5 சதவீதம் கோபால்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்த உலோகம் 0.05 மோல். ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் 10.43 கிராம், கோபால்ட் அசிடேட் டெட்ராஹைட்ரேட் 0.623 கிராம், இரண்டையும் 250 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்கள். வெளிர் ரோஜா நிறத்தில் கரைசல் கிடைக்கும். தனியாக ஆக்சாலிக் அமிலம் டைஹைட்ரேட் 6.9 கிராமை 100 மில்லி தண்ணீரில் லேசாகச் சூடாக்கிக் கரைத்து, கலக்கிக்கொண்டே மெதுவாக உலோகக் கரைசலில் விடுங்கள். தேவைக்கு மேல் பத்து சதவீதம் ஆக்சலேட் போதும், தாராளமாக ஊற்றினால் கோபால்ட் அதோடு அணைவுச் சேர்மமாகிக் கரைசலிலேயே தங்கிவிடும். வீழ்படிவு உடனே வெள்ளையாக இறங்கும், ஆனால் கோபால்ட் ஆக்சலேட் சோம்பேறி, சில மணி நேரம் அப்படியே விடுங்கள். அப்புறம் வடிகட்டும்போது ஒரு காரியம் செய்யுங்கள்: கீழே இறங்கிய நீரை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். ரோஜா நிறம் மிச்சம் இருந்தால் நீங்கள் எடை போட்ட 5 சதவீதம் பொடிக்குள் போகவில்லை என்று அர்த்தம். தராசில் போட்ட அளவை அப்படியே தலைப்பில் எழுதாமல், ஐசிபி, ஈடிஎக்ஸ் போன்ற தனிமப் பகுப்பாய்வு முறைகளில், முடிந்தால் ஐசிபியில், குறைந்தபட்சம் ஈடிஎக்ஸிலாவது உண்மை அளவைப் பார்த்து எழுதுங்கள்.

கழுவி, 80 டிகிரியில் உலர்த்தினால் லேசான ரோஜா நிறப் பொடி கிடைக்கும். இந்த நிறத்தை ஃபோட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும். அடுத்து அலுமினா கிண்ணத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி, திறந்த காற்றில், நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் ஏற்றி, 450 டிகிரியில் 2 மணி நேரம். மூடி போடாதீர்கள். பொடியைக் குவியலாகவும் கொட்டாதீர்கள். காற்று இல்லாத இடத்தில் கோபால்ட் ஆக்சலேட் சிதைந்தால் கிடைப்பது ஆக்சைடு இல்லை, கோபால்ட் உலோகம். நானோ அளவு கோபால்ட் உலோகம் உள்ளே மாட்டிக்கொண்டால் அறை வெப்பநிலையில் அழகான காந்தச் சுழற்சி (ஹிஸ்டெரிசிஸ்) வரும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள், கட்டுரையைச் சரிபார்க்கும் ரெஃப்ரீ கண்டுபிடிக்கும் வரைக்கும். ஃபர்னஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும் என்பதால் எக்ஸாஸ்ட் ஓடட்டும். கோபால்ட் உப்பைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், வடிநீரைச் சிங்க்கில் ஊற்றவும் வேண்டாம். இறுதியில் சுமார் 4 கிராம் பொடி கிடைக்க வேண்டும்.

கூடவே ஒன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: கோபால்ட் இல்லாத ஜிங்க் ஆக்சைடையும் அதே நாளில், அதே பாட்டில்களிலிருந்து, அதே ஃபர்னஸில் செய்யுங்கள். கடையில் வாங்கிய தூய ஜிங்க் ஆக்சைடு இதற்கு மாற்று ஆகாது. உங்கள் கையிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் என்ன அழுக்கு வருகிறது என்பதை இந்த வெற்று மாதிரிதான் சொல்லும்.

எஃகு ஸ்பேட்டுலா, எஃகு இடுக்கி, இரண்டையும் மேசையை விட்டே அப்புறப்படுத்துங்கள். பிளாஸ்டிக் கரண்டி போதும். பல வருடம் ஓடிய மேக்னடிக் ஸ்டிரர் பாரில் வெள்ளை உறை கீறி உள்ளே இருக்கும் காந்தம் எட்டிப் பார்க்கும், அதைப் போட்டு அமிலக் கரைசலைக் கலக்கினால் இரும்பு தானாகவே வந்து சேரும். கண்ணாடிக் கோலால் கலக்குவது மேல். அரைக்க அகேட் உரல்.

நிறம் என்ன சொல்கிறது

ஃபர்னஸைத் திறந்தால் பச்சையாக இருக்க வேண்டும். ரோஜா எப்படிப் பச்சையானது? ஆக்சலேட்டில் கோபால்ட் 2+ அயனியைச் சுற்றி ஆறு ஆக்சிஜன், எண்முகி அமைப்பு. ஜிங்க் ஆக்சைடின் வுர்ட்சைட் படிகத்தில் துத்தநாகம் இருந்த நான்முகி இடத்தில் நான்கே ஆக்சிஜன். எண்முகிக்கு மையச் சமச்சீர் உண்டு, அதனால் டி ஆர்பிட்டால்களுக்குள் நடக்கும் தாவல்கள் அங்கே கிட்டத்தட்டத் தடை செய்யப்பட்டவை, நிறம் வெளிறியிருக்கும். நான்முகிக்கு அந்தச் சமச்சீர் கிடையாது, தடை தளர்ந்து உட்கவர்தல் பல மடங்கு வலுக்கும். வெறும் 5 சதவீதம் கோபால்ட்டில் பொடி முழுக்கப் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். பொடி சாம்பல் பூத்தோ கருப்படித்தோ வந்தால் கோபால்ட் ஆக்சைடு ஸ்பைனல் தனியாகப் பிரிந்திருக்கிறது, அளவைக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

இப்போது டிஃப்யூஸ் ரிஃப்ளெக்டன்ஸ், அதாவது டிஆர்எஸ்: பொடி சிதறி எதிரொளிக்கும் ஒளியை அளப்பது. பொடியைப் பேரியம் சல்ஃபேட்டுடன் பத்துக்கு ஒன்றாகக் கலந்து வையுங்கள், நேரடியாக வைத்தால் ஆழமான பட்டைகள் தட்டையாகிவிடும். 200 முதல் 800 நானோமீட்டர் வரை ஓட்டுங்கள், கருவி அனுமதித்தால் அகச்சிவப்பில் 2000 வரை போகலாம். தேட வேண்டியது மூன்று பட்டைகள்: சுமார் 568, 613, 660 நானோமீட்டர். எலக்ட்ரான் வோல்ட்டில் 2.18, 2.02, 1.88. இந்த மும்மூர்த்திகள் சேர்ந்து வந்தால் நான்முகி இடத்தில் உயர் சுழல் கோபால்ட் 2+ இருக்கிறது என்று தைரியமாக எழுதலாம். 1300 முதல் 1700 வரையிலான அகன்ற பட்டையும் வந்தால் இன்னும் உறுதி. மாறாக 700 நானோமீட்டரைத் தாண்டி ஒரு அகன்ற வால் நீண்டுகொண்டே போனால் ஸ்பைனலைச் சந்தேகியுங்கள்.

ஆனால் இந்தப் பட்டைகள் உள்ளே சரியாக உட்கார்ந்த கோபால்ட்டை மட்டும்தான் காட்டும். எல்லாக் கோபால்ட்டும் அங்கேதான் இருக்கிறது என்று அவை சொல்லவில்லை. நூற்றில் ஒன்று உலோகமாகக் கிடந்தால் பச்சை நிறத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது, காந்தத்தில் மட்டும் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டை இடைவெளி: இங்கேதான் பொய் உருவாகிறது

பட்டை இடைவெளி என்பது எலக்ட்ரானை இணைதிறன் பட்டையிலிருந்து கடத்தல் பட்டைக்குத் தூக்கத் தேவையான ஆற்றல், மேலே பார்த்த உட்கவர்தல் பட்டைகள் வேறு. அதை அளக்கும் வழக்கமான வழி உங்களுக்குத் தெரியும். எதிரொளிப்பை ஆர் என்று வைத்து, ஒன்றிலிருந்து ஆரைக் கழித்து வர்க்கப்படுத்தி, இரண்டு ஆரால் வகுத்தால் குபெல்கா மங்க் மதிப்பு. அதை ஃபோட்டான் ஆற்றலால் பெருக்கி, வர்க்கப்படுத்தி, ஆற்றலுக்கு எதிராக வரைந்து, நேராக ஏறும் பகுதியைக் கீழே நீட்டினால் இடைவெளி. டோப் செய்யாத பொடிக்கு 3.2, 3.3 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வரும்.

கோபால்ட் போட்டதும் பலருக்கு 2.9 என்றோ 2.8 என்றோ வருகிறது, உடனே டோப்பிங்கால் இடைவெளி சுருங்கிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்புக்கு (உட்கவர்தல் செங்குத்தாக ஏறும் இடத்துக்கு) முன்னால், 400 நானோமீட்டரைச் சுற்றி, ஒரு சரிவு கிளம்பியிருக்கும். அது கோபால்ட்டுக்கும் படிகத்துக்கும் இடையே எலக்ட்ரான் தாவும் மின்சுமைப் பரிமாற்ற உட்கவர்தல். விளிம்பே நகர்ந்துவிட்டதாக எண்ணி அந்தச் சரிவையும் சேர்த்துக் கோடு போட்டதால்தான் 2.8 வருகிறது. சரியாகச் செய்ய வேண்டுமென்றால் விளிம்புக்குக் கீழே இருக்கும் சரிவுக்கு ஒரு தனி அடிக்கோடு போட்டு, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைப் படியுங்கள். அப்படியும் சிறிய சிவப்பு நகர்வு மிஞ்சலாம். பட்டை எலக்ட்ரான்களுக்கும் கோபால்ட்டின் டி எலக்ட்ரான்களுக்கும் உள்ள பரிமாற்ற விசை அதற்கு ஒரு காரணம். இன்னொரு சின்ன விஷயம்: பல கருவிகளில் டியூட்டீரியம் விளக்கிலிருந்து டங்ஸ்டன் விளக்குக்கு மாறும் இடம் 350 நானோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் விளிம்பில் ஒரு குட்டிப் படி தெரிந்தால் அது இயற்பியல் இல்லை, விளக்கு.

எக்ஸ்ஆர்டியை வேகமாகத் தாண்டிவிடுவோம், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். நான்முகி இடத்தில் துத்தநாக அயனியின் ஆரம் 0.60 ஆங்ஸ்ட்ராம், கோபால்ட்டுடையது 0.58. இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் 5 சதவீதத்துக்குக் கோடு கண்ணுக்குத் தெரிய நகராது. பொடியின் மட்டம் ஹோல்டரில் 0.1 மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலே 0.05 டிகிரி அளவுக்கு எல்லாக் கோடுகளும் நகர்ந்துவிடும். நகர்வைப் பற்றிப் பேசுவதானால் சிலிக்கான் பொடியை உள்ளே கலந்து அதன் 28.44 டிகிரி கோட்டை வைத்துத் திருத்துங்கள். இரண்டாவது, ஸ்பைனலின் முக்கியக் கோடுகள் 31.3, 36.9 டிகிரியில் இருக்கின்றன. ஜிங்க் ஆக்சைடின் கோடுகள் 31.8, 36.3. அகலமான நானோ கோடுகளுக்கு அடியில் ஸ்பைனல் சௌகரியமாக ஒளிந்துகொள்ளும். ராமன் நிறமாலையில் 690 செ.மீ⁻¹ அருகே ஒரு உச்சி வருகிறதா என்று பார்ப்பது இதைவிட நம்பகம்.

காந்தம்

கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டியிருக்கிறது. 2000இல் போலந்து இயற்பியலாளர் டோமாஷ் டீட்லும் உடன் உழைத்தவர்களும் சயன்ஸ் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 5 சதவீதம் மாங்கனீஸும் ஏராளமான ஹோல்களும் (துளைகளும்) இருந்தால் ஜிங்க் ஆக்சைடும் காலியம் நைட்ரைடும் அறை வெப்பநிலைக்கு மேலேயும் ஃபெர்ரோ காந்தமாக இருக்கலாம் என்றது அது. அதற்கு அடுத்த வருடமே கோபால்ட் கலந்த ஜிங்க் ஆக்சைடு படலங்களில் பார்த்துவிட்டோம் என்று கட்டுரை வந்தது, பிறகு வெள்ளம்தான். கணக்கு ஹோல்கள் மிகுந்த பி வகைக்குப் போட்டது, ஜிங்க் ஆக்சைடோ இயல்பாகவே எலக்ட்ரான்கள் மிகுந்த என் வகை, பி வகையாக்குவது இன்றுவரை தலைவலி. இந்த நிபந்தனையை வசதியாக மறந்தவர்கள் ஏராளம். 2005இல், இதே மாதிரி காந்தம் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஹாஃப்னியம் ஆக்சைடு படலங்களைத் திரும்பச் சோதித்த ஒரு குழு, சுத்தமாகக் கையாண்டால் காந்தமே இல்லை, எஃகு இடுக்கியால் தொட்டால் வருகிறது என்று காட்டியது. நான் இடுக்கியை மேசையை விட்டுத் துரத்தச் சொன்னது இதனால்தான்.

சரி, முதலில் என்ன வர வேண்டும் என்று கணக்குப் போடுங்கள், அப்புறம் அளவிடுங்கள். கோபால்ட் 2+ நான்முகியில் மூன்று இணையற்ற எலக்ட்ரான்களோடு இருக்கும். சுழல் மட்டும் கணக்கில் எடுத்தால் 3.87 போர் மேக்னட்டான் (அணுவின் காந்தத்தை அளக்கும் அலகு), ஆர்பிட்டால் பங்களிப்பும் சேர்ந்தால் 4.3க்கு மேல் போகும். ஒன்றோடொன்று பேசாத அயனிகள் என்று வைத்து கியூரி விதியைப் போட்டால், 5 சதவீதப் பொடிக்கு 300 கெல்வினில், 10,000 எர்ஸ்டெட் காந்தப் புலத்தில், ஒரு கிராமுக்கு 0.04 முதல் 0.05 ஈஎம்யு (காந்தமாக்கத்தின் அலகு) வரும். நேர்கோடு, மேல்நோக்கி. ஜிங்க் ஆக்சைடின் டயா காந்தம் அதிலிருந்து 0.003 அளவுதான் குறைக்கும். உண்மையில் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே வரும், ஏனென்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த கோபால்ட் அயனிகள் எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளும்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் விஎஸ்எம் (காந்தமாக்கத்தைப் புலத்துக்கு எதிராக அளக்கும் கருவி) படத்தைப் பார்த்த உடனே ஒரு முடிவுக்கு வரலாம். உயர் புலத்தில் உங்கள் கோடு கீழ்நோக்கிச் சாய்ந்தால் இரண்டில் ஒன்று: ஹோல்டரின் டயா காந்தத்தை நீங்கள் கழிக்கவில்லை, அல்லது 5 சதவீதம் கோபால்ட் 2+ பொடிக்குள் இல்லவே இல்லை. டிஆர்எஸ்ஸில் மூன்று பட்டைகளும் பளிச்சென்று இருந்தால் முதலாவதுதான். காலி கேப்ஸ்யூலையும் டெஃப்லான் டேப்பையும் தனியாக அளந்து கழித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, நேர்கோட்டின் நடுவில் ஒரு சின்ன எஸ் வடிவம் தெரியும், எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நேர்கோட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பெரிதாக்கினால் புத்தகத்தில் வரும் ஹிஸ்டெரிசிஸ் போலவே இருக்கும். தெவிட்டுநிலை (புலத்தைக் கூட்டினாலும் இனி ஏறாத அளவு) ஒரு கிராமுக்கு 0.005 ஈஎம்யு என்று வைத்துக்கொள்வோம், கட்டுரைகளில் இந்த மாதிரி அளவுகளைப் பார்க்கலாம். ஒரு கோபால்ட்டுக்கு எவ்வளவு? கணக்குப் போட்டால் சுமார் 0.0015 போர் மேக்னட்டான். தெவிட்டுநிலையில் ஒரு அயனி கொடுக்க வேண்டியது 3 (மேலே சொன்ன 3.87 கியூரி விதியில் போடும் மதிப்பு, அது வேறு). ஆக, இரண்டாயிரம் கோபால்ட்டில் ஒன்றுதான் ஃபெர்ரோ காந்தமாகத் திரும்பியிருக்கிறது, மற்ற 1999 பாரா காந்தமாகச் சும்மா நிற்கிறது. படிகம் முழுக்கப் பரவிய ஒரு பண்பு இப்படியா இருக்கும்?

இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். விஎஸ்எம்முக்கு நீங்கள் கொடுத்தது 20 மில்லிகிராம். அதில் அந்த எஸ் வடிவத்தின் மொத்த அளவு 0.0001 ஈஎம்யு. இரும்பு ஒரு கிராமுக்கு 218 ஈஎம்யு கொடுக்கும். அப்படியானால் வெறும் 0.46 மைக்ரோகிராம் இரும்பு போதும். பக்கத்துக்கு 40 மைக்ரான் இருக்கும் ஒரு துகள், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. இதைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எடுக்கும் ஆள் உலகத்தில் கிடையாது. இதற்குத்தான் வெற்று மாதிரி: டோப் செய்யாத பொடியிலும் அதே எஸ் அதே அளவில் வந்தால் விவகாரம் முடிந்தது, அது கோபால்ட்டின் குணம் இல்லை.

வெற்று மாதிரி சுத்தமாக இருந்து, டோப் செய்ததில் மட்டும் எஸ் வந்தால்? அப்போது சந்தேகம் கோபால்ட் உலோகத்தின் மீது. பொடியில் கொஞ்சம் எடுத்து, காற்றில் 600 டிகிரியில் திரும்பச் சூடாக்கி அளந்து பாருங்கள். உலோகம் ஆக்சிஜனேற்றமாகி எஸ் காணாமல் போய், டிஆர்எஸ் பட்டைகள் அப்படியே இருந்தால் படிகத்துக்குள் இருந்த கோபால்ட்டுக்கும் அந்தக் காந்தத்துக்கும் சம்பந்தமில்லை. சூடாக்கினால் ஆக்சிஜன் காலியிடங்களும் குறையும், காந்தம் அதனால்தான் போயிற்று என்று யாராவது வாதாடலாம். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல், காந்தமாக்கத்தை வெப்பநிலைக்கு எதிராக, புலமில்லாமல் குளிர்வித்தது, புலத்தில் குளிர்வித்தது என்று இரண்டு வளைவுகளாக எடுங்கள். நானோ உலோகத் துகள் இருந்தால் இரண்டும் ஒரு வெப்பநிலையில் பிரியும், முதல் வளைவில் ஒரு மேடு தெரியும். ஸ்க்விட் என்ற நுண்ணிய காந்தமானியில் 20, 30 எர்ஸ்டெட் கோயர்சிவிட்டி (காந்தத்தைப் பூஜ்யமாக்கத் தேவையான எதிர்ப் புலம்) வந்தால் மயங்க வேண்டாம். மீக்கடத்துக் காந்தத்தில் சிக்கிக்கொண்ட எச்சப் புலமே அந்த அளவு இருக்கும்.

குளிர்நிலை அளவீடு கிடைத்தால் அதுதான் உண்மையான விருந்து. 2 கெல்வினில் வளைவு, தனித்தனி அயனிகளுக்கு எதிர்பார்க்கும் பிரில்லூவன் வடிவத்தைப் பின்பற்றி வளையும், ஆனால் தெவிட்டுநிலை எதிர்பார்த்ததில் பாதி அளவில் நிற்கும். பயப்படாதீர்கள். ஒவ்வொரு துத்தநாக இடத்துக்கும் 12 அண்டை இடங்கள், 5 சதவீதத்தில் அவை பன்னிரண்டிலும் கோபால்ட் இல்லாமலிருக்கும் வாய்ப்பு 0.95இன் 12ஆம் அடுக்கு, அதாவது 54 சதவீதம். மீதிப் பேருக்குப் பக்கத்து வீட்டில் இன்னொரு கோபால்ட், இருவரும் எதிரெதிராகப் பூட்டிக்கொள்கிறார்கள். 10 சதவீதம் போட்டால் தனியாக இருப்பவர்கள் 28 சதவீதமாகக் குறைந்துவிடுவார்கள். கோபால்ட்டைக் கூட்டினால் காந்தம் ஒரு அயனிக்கு ஏறாமல் இறங்குவது இதனால்தான். தலைகீழ் ஏற்புத்திறனை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் வெட்டுப்புள்ளி எதிர்மறையில் விழும், அதுவும் இதே கதைதான்.

கட்டுரையிலோ ஆய்வேட்டிலோ போடும்போது கழிக்காத படத்தையும் கழித்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், ஒரு கோபால்ட்டுக்கு எத்தனை போர் மேக்னட்டான் என்பதையும் எழுதிவிடுங்கள். வெறும் கிராம் கணக்கு பல விஷயங்களை மறைத்துவிடும்.

இபிஆர் (இணையற்ற எலக்ட்ரான்களை மைக்ரோ அலையால் பார்க்கும் முறை) எடுக்க நினைப்பவர்களுக்கு: கோபால்ட் 2+ அறை வெப்பநிலையில் தெரியாது, சுழல் மிக வேகமாகத் தளர்ந்துவிடும். திரவ ஹீலியம் வேண்டும். அறை வெப்பநிலையிலேயே ஜி மதிப்பு 2 அருகே அகலமான பெரிய கோடு வந்தால், அது கோபால்ட் கிடைத்துவிட்டது என்பதற்கு ஆதாரம் ஆகாது, அழுக்கு இருக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம். 1.96இல் வரும் மெல்லிய கோடு ஜிங்க் ஆக்சைடின் சொந்தக் கோடு.

கோபால்ட்டை விட்டு வேறு அயனிக்குப் போவதானால் இதே வரிசைதான், ஒளிந்திருக்கும் திருடன் மட்டும் மாறுவான். மாங்கனீஸ் 2+ போட்டால் டி தாவல்கள் சுழல் தடையால் மங்கிவிடும், டிஆர்எஸ் அதிகம் பேசாது. ஆனால் இபிஆர் அறை வெப்பநிலையிலேயே ஆறு கோடுகளாக, 80 காஸ் அருகே இடைவெளி விட்டுப் பிரமாதமாகத் தெரியும், ஒரு சதவீதத்துக்குக் கீழே வைத்தால் போதும். ஆரம் 0.66 என்பதால் எக்ஸ்ஆர்டி நகர்வும் இங்கே நிஜம். 43 கெல்வின் பக்கத்தில் காந்தம் கிளம்பினால் அது மாங்கனீஸ் ஆக்சைடு ஸ்பைனல். நிக்கலில் உலோகத் துகள்தான் எதிரி, அதன் காந்தம் 627 கெல்வின் வரை தாங்கும். இரும்பில் மேக்னடைட்டும் மேகமைட்டும் சேர்ந்து வரும், இரண்டும் அறை வெப்பநிலையிலேயே வலுவான காந்தம், முதல் முயற்சிக்கு இரும்பைத் தொடாதீர்கள்.